நிமிர்ந்து நிற்க முடியாத இடத்துக்கும் வாடகை

பாரிஸில் மோன்மார்த்ர் குன்றின் மேல் வாடகைக்கு வீடு எடுத்து, இரண்டு வருடம் முடிவதற்குள் காலி செய்துவிட்டு இறங்கி வந்தவன் நான். உட்கார்ந்து கணக்குப் போட்டால், தேவையில்லாமல் கையை விட்டுப் போன பணம் மூவாயிரம் யூரோவை நெருங்குகிறது. யாராவது ஒருவர் அரைமணி நேரம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருந்தால் அதில் பெரும்பகுதி போயிருக்காது. சொல்ல ஆள் இல்லை. தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பெல் பக்கம் போனால் தமிழில் எதைக் கேட்டாலும் வழி சொல்லுவார்கள்: விசா புதுப்பிப்பு, இட்லிப் பாத்திரம், கல்யாண மண்டபம், ஊருக்குப் பார்சல், எல்லாம். இந்தக் குன்றில் வீடு எடுப்பது பற்றி மட்டும் பதில் வராது. நம்மவர்கள் பெரும்பாலும் லா கூர்னெவ், பொபினி, சார்செல் என்று புறநகரில் இருப்பவர்கள். வழக்கமாக அரிசி வாங்கும் கடையில் கேட்டபோது அண்ணன் சிரித்தார். "தம்பி, அந்த மலையில குசினி வேலைக்குப் போறவை கனபேர் இருக்கினம். வாடகைக்கு இருக்கிற எங்கட ஆக்களை நான் காணேல்லை."

அலுவலகம் சேன் லசார் பக்கம். அங்கிருந்து மெட்ரோ 12ஆம் பாதையில் ஏறினால் நேராகக் குன்று. இங்கிருந்து கீழே இறங்கி, ஷாத்தோ ரூஜ், பார்பேஸ் வழியாக நடந்தால் லா ஷப்பெல்லில் கருவேப்பிலை கிடைக்கும். வேலையும் சாப்பாடும் இரு பக்கமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற இடம் என்றுதான் முதலில் தோன்றியது. அதோடு அந்த இடத்தின் அழகையும் சொல்லாமல் இருக்க முடியாது. 1860 வரை அது பாரிஸுக்கு வெளியே இருந்த தனி ஊர். இன்னமும் வளைந்த சந்து, கல் பாவிய தெரு, ஒரு சின்னத் திராட்சைத் தோட்டம் எல்லாம் உண்டு. வாடகை மலிவு என்று ஒரு காலத்தில் ஓவியர்கள் குடியேறினார்கள். இப்போது ஓவியர்கள் இருந்த இடம் என்று சொல்லியே வாடகை ஏறுகிறது. திருச்சிக்காரன், மலைக்கோட்டைப் படி ஏறி வளர்ந்தவன், நமக்கென்ன ஏற்றம் புதிதா என்ற தெம்பும் எனக்கு இருந்தது.

2022 செப்டம்பரில் தேடினேன். வீடு தேட வருடத்திலேயே மோசமான மாதம் அதுதான். கல்லூரி திறக்கும் நேரம், ஊரில் உள்ள மாணவர்கள் எல்லாரும் அறை தேடி அலைவார்கள். முடிந்தால் நவம்பருக்குப் பிறகு தேடுங்கள். கூட்டம் குறையும், ஏஜென்ட்டும் நின்று பேசுவார். விளம்பரங்களில் லெப்பிக் தெருவில் 650 யூரோவுக்கு அழகான வீடு என்று ஒன்று எனக்கும் வந்தது. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறாராம், முதல் மாத வாடகையை அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புவாராம். இந்தக் கதை யார் சொன்னாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வீட்டைப் பார்க்காமல், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் ஒரு சென்ட் கூடக் கொடுக்கத் தேவையில்லை. ஏஜென்சிக் கட்டணமும் கையெழுத்தான பிறகுதான்.

பிரான்ஸில் வீடு கேட்பவர் முதலில் நீட்ட வேண்டியது ஒரு காகிதக் கட்டு. தொசியே என்பார்கள். அடையாள அட்டை, வேலை ஒப்பந்தம், கடைசி மூன்று சம்பளச் சீட்டு, வருமான வரி அறிவிப்பு, இவற்றோடு உங்களுக்காகப் பொறுப்பேற்கும் ஒரு உத்தரவாதி. வாடகையைப் போல மூன்று மடங்கு சம்பளம் இருக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. புதிதாக வந்தவனிடம் மூன்று சம்பளச் சீட்டு எங்கே இருக்கும்? உத்தரவாதிக்கு எங்கே போவது? இதற்கு அரசு ஆதரவோடு விசால் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. 18 முதல் 30 வயது வரை உள்ளவர்கள் இலவசமாகப் பெறலாம். நாம் வாடகை கட்டாவிட்டால் அவர்கள் வீட்டுக்காரருக்குக் கட்டிவிட்டு, பிறகு நம்மிடம் வசூலிப்பார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே அந்தச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். எனக்கு அப்போது 29 வயது, சான்றிதழும் வாங்கினேன். ஆனால் வீட்டுக்காரர் அதை ஏற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எனக்குக் கிடைத்த வீட்டின் ஏஜென்சி அதை ஏற்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு உத்தரவாதம் தரும் தனியார் நிறுவனம் ஒன்றை அவர்களே காட்டினார்கள். வருட வாடகையில் மூன்று நான்கு சதவீதம். எனக்கு 400 யூரோவுக்குச் சற்று மேல். அதுதான் முதல் நஷ்டம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஏஜென்சி என் வங்கிக் கணக்கு அறிக்கையையும் கேட்டது, நானும் கொடுத்தேன். வாடகைக்கு வருபவரிடம் எந்தெந்தக் காகிதம் கேட்கலாம் என்று 2015ஆம் ஆண்டு ஆணை ஒன்றில் பட்டியலே இருக்கிறது. வங்கி அறிக்கை அதில் இல்லை, மருத்துவக் காப்பீட்டு அட்டையின் நகலும் இல்லை. பட்டியலுக்கு வெளியே கேட்டால் தனிநபருக்கு 3,000 யூரோ வரை, நிறுவனத்துக்கு 15,000 யூரோ வரை அபராதம். எதிர்த்துப் பேசினால் வீடு கிடைக்காதே என்ற பயம் எல்லாருக்கும் இருக்கும், எனக்கும் இருந்தது. ஒரு நடுவழி உண்டு: அரசின் தொசியே ஃபசில் தளத்தில் உங்கள் காகிதங்களை ஏற்றினால், அவர்கள் சரிபார்த்து, ஒவ்வொரு பக்கத்திலும் நீர்க்குறி (வாட்டர்மார்க்) போட்டு, ஒரே இணைப்பாகத் தருவார்கள். அந்த இணைப்பை மட்டும் அனுப்புங்கள். அதிகப்படியான காகிதம் கேட்கும் பேச்சே பெரும்பாலும் எழாது. உங்கள் அடையாள அட்டை நகல் யார் கையிலோ சுற்றும் கவலையும் குறையும்.

சரி, வீட்டுக்கு வருவோம். லமார்க் தெருவுக்குப் பக்கத்தில், குன்றின் வடக்குச் சரிவில், பழைய கட்டடம். ஆறாவது மாடி, லிஃப்ட் இல்லை. அந்தக் காலத்தில் வேலைக்காரப் பெண்கள் தங்கிய கூரையடி அறைகள் இரண்டைச் சேர்த்து ஒரே வீடாக்கியிருந்தார்கள். பார்க்க வந்தவர்கள் படிக்கட்டில் வரிசையாக நின்றோம், ஆளுக்குப் பத்து நிமிடம். கூரைச் சாளரத்தைத் திறந்ததும் சேன் தெனி வரை தெரிந்தது, தூரத்தில் பெரிய விளையாட்டரங்கம். அந்தக் காட்சியைப் பார்த்த பிறகு யாருக்கும் சுவரைப் பார்க்கத் தோன்றாது. விளம்பரத்தில் 25 சதுர மீட்டர். வாடகை 900 யூரோ, அதற்கு மேல் பராமரிப்புச் செலவு 80. சென்னை வாடகையை நினைத்தால் தலை சுற்றும். ஆனால் அந்தப் பகுதியில் இது நியாயமான விலை என்று அலுவலகத்தில் எல்லாரும் சொன்னார்கள். கேட்டவர்களில் ஒருவர் கூட "அளந்து பார்த்தாயா" என்று கேட்கவில்லை.

ஏஜென்சிக் கட்டணம் 375 யூரோ. பாரிஸில் அதற்கும் சதுர மீட்டர்க் கணக்குத்தான். நான் எடுத்த காலத்தில் வீடு காட்டி, காகிதம் பார்த்து, ஒப்பந்தம் எழுத சதுர மீட்டருக்கு 12 யூரோ வரை. வீட்டு நிலையைக் குறித்துக் கொடுக்க 3 யூரோ வரை. 25 பெருக்கல் 15, சரியாக 375. பரப்பளவு எப்படி நம் பணப்பையின் எல்லா மூலைகளிலும் கை வைக்கிறது என்று அப்போது புரியவில்லை. பிறகு ஒப்பந்தத்தோடு தடிமனான இணைப்புகள். அவற்றில் இரண்டை மட்டுமாவது படியுங்கள். ஒன்று, ஆற்றல் தரச் சான்றிதழ், ஏ முதல் ஜி வரை எழுத்து போட்டது. என் வீட்டுக்கு எஃப். அப்படியென்றால் குளிரில் நடுங்குவீர்கள், மின்கட்டணம் எகிறும். 2025 ஜனவரி முதல் ஜி வகுப்பு வீட்டைப் புதிதாக வாடகைக்கு விடவே கூடாது என்று வந்துவிட்டது. எஃப், ஜி வீடுகளுக்கு 2022 ஆகஸ்ட் முதல் வருடாந்திர வாடகை உயர்வும் கிடையாது. ஏஜென்சி மறந்தாற்போல உயர்த்திக் கடிதம் அனுப்பினால் சான்றிதழைக் காட்டுங்கள்.

இரண்டாவது இணைப்பு, அபாய அறிக்கை. மோன்மார்த்ர் குன்றின் அடியில் ஜிப்சம் வெட்டியெடுத்த பழைய சுரங்கங்கள் உண்டு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்று நம் ஊர்க் கடையில் பாக்கெட்டில் விற்கிறார்களே, அந்தப் பெயர் பரவியதே இந்த மண்ணால்தான். ஜிப்சம் தண்ணீரில் கரையும் என்பதால் நகராட்சியில் இதற்கென்றே ஒரு துறை இருந்து நிலத்தடியைக் கண்காணிக்கிறது. வாடகைக்கு இருப்பவர் இதற்காகத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை. ஆனால் சுவரில் விரிசல், கதவு நிலை சாய்ந்து மூட மறுப்பது போன்றவை தெரிந்தால், குடிபோகும் அன்றே படம் எடுத்து எழுத்தில் பதிந்துவிடுங்கள். இல்லாவிட்டால் காலி செய்யும்போது அது உங்கள் கைவரிசை ஆகிவிடும்.

குடிபோகும் அன்று வீட்டு நிலையைக் குறிக்கும் பத்திரத்தை எத்தா தெ லியூ என்பார்கள். ஏஜென்சியிலிருந்து வந்த பையனுக்கு அடுத்த வீட்டுக்குப் போகும் அவசரம். "நல்ல நிலை, நல்ல நிலை" என்று கைப்பேசியில் தட்டிக்கொண்டே போனான். அவன் போன பிறகுதான் அலமாரிக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஈரக்கறை இருப்பதைப் பார்த்தேன். கூரைத் தகட்டின் இணைப்பில் கசிவு. அலுவலகத்தில் ஒரு பிரெஞ்சுக்கார அக்கா சொன்னது இன்றுவரை நன்றியோடு நினைவிருக்கிறது: பத்திரம் எழுதிய பத்து நாளுக்குள் விடுபட்டதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். குளிர்காலம் தொடங்கிய முதல் மாதத்தில் ஹீட்டர் பற்றியும் சேர்க்கலாம். அன்றிரவே படங்களோடு மின்னஞ்சல் போட்டேன், பதிவுத் தபாலிலும் ஒன்று. ஆறேழு யூரோ செலவு. அந்தக் கடிதம்தான் கடைசியில் என் முன்பணத்தைக் காப்பாற்றியது.

இனி ஏற்றம். இதைப் பற்றி எல்லாரும் வேடிக்கையாகத்தான் பேசுவார்கள். நான் எடுத்தது சாமான் எதுவும் இல்லாத வெற்று வீடு. வெற்று வீடு என்றால் பிரான்ஸில் நிஜமாகவே வெற்றுதான்: அடுப்பு இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை, பல்பு கூடக் கழற்றிப் போயிருந்தார்கள். ஃபிரிட்ஜ் ஆர்டர் செய்தேன், டெலிவரி இலவசம் என்று போட்டிருந்தது. இலவசம் என்றால் கட்டடத்தின் கீழ்வாசல் வரை. மாடிக்கு ஏற்றுவது தனிக் கணக்கு, அதை ஆர்டர் போடும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். வண்டிக்காரர்கள் பெட்டியை வாசலில் இறக்கிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு இரண்டு ஆட்களைப் பிடித்து 80 யூரோ கொடுத்து ஏற்றினேன். பாரிஸில் பெரிய சாமான்களை ஜன்னல் வழியாக ஏற்ற ஏணி லிஃப்ட் வண்டி வரும். ஆனால் அந்த வண்டி நிற்க நகராட்சி அனுமதி வேண்டும், சாலையும் வேண்டும். குன்றின் பல தெருக்கள் தெருக்களே அல்ல, படிக்கட்டுகள். வீடு பார்க்கும்போது வாசலில் நின்று இங்கே ஒரு வேன் வந்து நிற்குமா என்று பாருங்கள். அதோடு, சரிவில் கட்டிய கட்டடங்களில் மாடி எண்ணை நம்ப வேண்டாம். மேல் தெரு வாசலில் இருந்து மூன்றாவது மாடியாக இருப்பது, மெட்ரோ இருக்கும் கீழ்த் தெருவிலிருந்து எண்ணினால் ஐந்தாவது. உங்கள் கால் கீழிருந்துதான் எண்ணும்.

மெட்ரோவும் அப்படியே. குன்றுக்குள் இருக்கும் நிலையங்கள் ஆழமானவை. அபெஸ் நிலையம் பூமிக்கு அடியில் 36 மீட்டர், பாரிஸிலேயே மிக ஆழமானது. நான் இறங்கும் லமார்க் நிலையமும் ஆழம்தான். லிஃப்ட் இருக்கிறது, பழுதாகும் அன்று சுழல் படிக்கட்டு. அது முடிந்து வெளியே வந்தால் தெருப் படிக்கட்டு, அதற்கு மேல் வீட்டுப் படிக்கட்டு. ஃபுனிக்குலர் என்ற இழுவை ரயில் சாதாரண மெட்ரோ பாஸிலேயே ஏறலாம், ஆனால் அது தெற்குப் பக்கம் சுற்றுலாக்காரர்களோடு உச்சியில் உள்ள தேவாலயத்துக்கு ஏறுவது. வடக்குச் சரிவில் இருப்பவனுக்கு உதவாது. உருப்படியாக உதவுவது 40ஆம் எண் சின்னப் பேருந்து, குன்றின் சந்துகளுக்குள் நெளிந்து போகும். வீடு தேடுபவர்கள் முதலில் அதன் நிறுத்தங்களைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். லா ஷப்பெல்லில் பத்துக் கிலோ அரிசி மூட்டை வாங்கும் பழக்கத்தை முதல் மாதமே விட்டுவிட்டேன். இரண்டிரண்டு கிலோவாக வாங்கினால் விலை கூட, ஆனால் முழங்கால் மிச்சம்.

குளிர்காலத்தில் சுவரில் மாட்டிய மின் ஹீட்டர் ஓயாமல் ஓடியது. முதல் குளிர்காலத்தில் மாதம் 130 யூரோ வரை மின்கட்டணம் கட்டியும், உள்ளே ஸ்வெட்டரோடுதான் உட்கார்ந்திருந்தேன். அதைவிடக் கோடை மோசம். பாரிஸின் கூரைகள் துத்தநாகத் தகடு. படத்தில் சாம்பல் நீலமாக அழகாக இருக்கும். அதன் நேர் அடியில் படுத்துப் பார்த்தால்தான் தெரியும். 2019 ஜூலை 25 அன்று இந்த ஊரில் 42.6 டிகிரி பதிவானது. திருச்சி வெயிலில் வளர்ந்தவனுக்கு 38 டிகிரி என்ன என்று கேட்பீர்கள். திருச்சியில் மின்விசிறி உண்டு, குறுக்குக் காற்று உண்டு, தடித்த சுவர் உண்டு. இங்கே ஒரே ஒரு கூரைச் சாளரம், வெளிப்புறத் திரை இல்லை, வெளியில் ஏசிப் பெட்டி வைக்கக் கட்டட உரிமையாளர்கள் சங்கத்தின் அனுமதி வேண்டும். மேல்மாடி வீடு பார்ப்பவர்கள் முடிந்தால் மாலை ஐந்து மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். கூரை பகலெல்லாம் குடித்த சூட்டை அப்போதுதான் உள்ளே விடும். கூரைச் சாளரத்துக்கு வெளிப்புறம் மறைப்பு இருக்கிறதா, எதிர்ப்பக்கம் இன்னொரு ஜன்னல் உண்டா என்பதையும் கேளுங்கள்.

அளவு விஷயம் தெரியவந்தது தற்செயலாக. 2024 ஜனவரியில் ஒரு அலமாரி வாங்க, நண்பன் ஒருவன் லேசர் அளவி கொண்டுவந்தான். தரையை அளந்தோம், 25க்குப் பக்கத்தில் வந்தது. சரியாகத்தான் இருக்கிறது என்று நான் விட்டுவிடப் பார்த்தேன். அவன் கட்டுமானத் துறைக்காரன். "தரையை விடு, நீ எங்கே எல்லாம் நிமிர்ந்து நிற்க முடியும் என்று காட்டு" என்றான். பிரெஞ்சுச் சட்டப்படி வாடகை வீட்டின் பரப்பளவில் கூரை 1.80 மீட்டருக்குக் கீழே இருக்கும் இடம் சேராதாம். என் உயரம் 5 அடி 11 அங்குலம், அதாவது 1.80 மீட்டர். சரிந்த கூரையின் கீழே நான் தலையை இடித்துக்கொண்ட இடத்தில் எல்லாம் சாக்பீஸால் கோடு போட்டோம். கட்டிலின் பாதி, துணிப்பெட்டி வைக்கும் மூலை, குளியலறையின் ஒரு ஓரம் எல்லாம் கோட்டுக்கு வெளியே போய்விட்டன. மிஞ்சியது 21 சதுர மீட்டர். தலையைக் குனிந்துகொண்டே நடந்த இடத்துக்கும் மாதாமாதம் காசு கட்டியிருக்கிறேன். அன்று இரவு எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தலையில் பழைய வீக்கத்தைத் தடவிக்கொண்டே ஒப்பந்தத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன்.

அடுத்து அடில் என்ற அலுவலகத்துக்குப் போனேன். வீடு தொடர்பான சட்ட ஆலோசனையை இலவசமாகத் தரும் இடம். பிரெஞ்சு சரளமாக இல்லாவிட்டால் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒப்பந்தம், ரசீது எல்லாம் எடுத்துப் போங்கள். அங்கிருந்த அம்மையார் சொன்னதன் சாரம் இதுதான். வெற்று வீட்டு ஒப்பந்தத்தில் எழுதிய பரப்பளவை விட உண்மையான அளவு இருபதில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால், அந்த விகிதத்தில் வாடகையைக் குறைக்கக் கேட்கலாம். எனக்கு 25இல் 4 குறைவு, 16 சதவீதம். 900இல் 144 யூரோ. குடிவந்த ஆறு மாதத்துக்குள் கேட்டிருந்தால் முதல் நாளிலிருந்தே கணக்காகும். அதற்குப் பிறகு கேட்டால், கேட்ட தேதியிலிருந்துதான். நான் பதினாறு மாதம் வாடகை கட்டிவிட்டிருந்தேன். 144 பெருக்கல் 16, 2,304 யூரோ. ஆறு மாதம் என்ற அந்த ஒரு கெடு தெரியாததற்கு விலை அது. இது வெற்று வீட்டுக்கான விதி, கட்டில், மேசை போன்ற அறைகலனோடு வாடகைக்கு எடுத்தால் பொருந்தாது. அப்படி எடுப்பவர்கள் கையெழுத்துக்கு முன்பே அளப்பது இன்னும் முக்கியம்.

அவர் இன்னொன்றும் காட்டினார். பாரிஸில் 2019 ஜூலை முதல் வாடகைக்கு உச்சவரம்பு உண்டு. வீடு இருக்கும் வட்டாரம், கட்டடம் கட்டிய காலம், அறை எண்ணிக்கை, அறைகலன் உண்டா இல்லையா என்பதைப் பொறுத்து சதுர மீட்டருக்கு ஒரு ஆதார வாடகை. அதற்கு மேல் 20 சதவீதம் வரை போகலாம். இரண்டு எண்களும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும், இணைய வரைபடத்தில் உங்கள் தெருவைத் தட்டியும் பார்க்கலாம். 900 யூரோவை 25ஆல் வகுத்தால் 36, வரம்புக்குள் அடங்கியது. 21ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 43. வரம்பைத் தாண்டிவிட்டது. அந்த நான்கு சதுர மீட்டர் ஏன் தேவைப்பட்டது என்று பிறகுதான் புரிந்தது. இதற்காகத் தனியாக வழக்குப் போடவும் முடியும் என்றார். ஆனால் அதற்கு நேரமும் வக்கீலும் வேண்டும்.

பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன், சான்றளித்த அளவீட்டாளர் ஒருவரின் அறிக்கையோடு. அளவீட்டுக்குக் கொஞ்சம் செலவானது. இல்லாமல் அனுப்பினால் "நீ உன் கையால் அளந்தாய்" என்பார்கள். கடிதத்தில் கோபத்தைக் காட்டாமல் எண்களை மட்டும் எழுதச் சொன்னார் அடில் அம்மையார். இரண்டு மாதத்துக்குள் பதில் வராவிட்டால், கடிதம் அனுப்பிய நாளிலிருந்து நான்கு மாதம் முடிவதற்குள் நீதிபதியிடம் போக வேண்டும், அதைத் தாண்டினால் வாய்ப்புப் போயிற்று என்றும் எச்சரித்தார். ஏஜென்சி முதலில் தொலைபேசியில் பேசியது: கூரையடி வீடென்றால் இப்படித்தான், எல்லாரும் இப்படித்தான் எழுதுவார்கள் என்று. தொலைபேசியில் பேசியதற்கு எல்லாம் நான் மின்னஞ்சலில் "இன்று நீங்கள் சொன்னது இது" என்று எழுதிப் பதிந்துகொண்டேன். மார்ச்சில் வீட்டுக்காரர் சம்மதித்தார். ஜனவரியிலிருந்து 756 யூரோ.

வாடகை குறைந்த பிறகு அங்கேயே இருந்திருக்கலாம். அப்படித்தான் நினைத்தேன். மே மாதம் அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். அப்பா மூச்சு வாங்கினாலும் தினமும் இறங்கி ஏறினார். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஒருமுறை ஏறியதோடு சரி. பாரிஸ் பார்க்க வந்தவர் கூரைச் சாளரம் வழியாக வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் சாதம் வடித்துக்கொண்டே கேட்டார்: "ஏன்டா, நம்ம ஊர்ல மொட்டை மாடில தண்ணி டேங்க் பக்கத்துல சாமான் போடுற ரூம் மாதிரில்ல இருக்கு. இதுக்கா இவ்வளவு குடுக்குற?" எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. அவர்கள் ஊருக்குக் கிளம்பிய வாரமே காலி செய்யும் கடிதத்தை எழுதினேன்.

அதிலும் கவனிக்க வேண்டியது உண்டு. வெற்று வீட்டுக்குப் பொதுவாக மூன்று மாத முன்னறிவிப்பு. பாரிஸ் போல வீட்டுத் தட்டுப்பாடு உள்ள ஊரில் ஒரு மாதம் போதும். ஆனால் அந்தக் காரணத்தைக் கடிதத்திலேயே எழுத வேண்டும். எழுதாவிட்டால் மூன்று மாதம் என்று பிடித்துக்கொள்வார்கள். அந்த ஒரு மாதமும் நீங்கள் தபாலில் போட்ட நாளிலிருந்து அல்ல, அவர்கள் கையில் கடிதம் கிடைத்த நாளிலிருந்து ஓடும். தபால்காரர் வந்தபோது ஆள் இல்லை என்று கடிதம் தபால் நிலையத்திலேயே கிடந்தால் உங்கள் வாடகையும் நீளும். நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினாலும் செல்லும், நான் அப்படித்தான் செய்தேன்.

ஜூலை கடைசியில் சாவி கொடுத்தேன். வெளியேறும்போது வீட்டு நிலை குறிக்க உங்களிடம் கட்டணம் கேட்கக் கூடாது. என்னிடம் கேட்டார்கள், முடியாது என்றதும் விட்டுவிட்டார்கள். முன்பணம் 900 யூரோ. வீடு வந்தபோது இருந்தபடியே இருந்தால் ஒரு மாதத்தில் திருப்ப வேண்டும், சேதம் இருந்தால் இரண்டு மாதம். ஆகஸ்ட் போயிற்று, செப்டம்பரில் ஒரு காகிதம் வந்தது: சுவரில் ஈரக்கறை, வண்ணம் பூச 480 யூரோ பிடித்தம். அதே கறை. குடிவந்த அன்று நான் அனுப்பிய படங்கள், பதிவுத் தபால் ரசீது எல்லாம் எடுத்து, சமரசக் குழுவுக்கு விண்ணப்பித்தேன். மாவட்ட அளவில் இயங்கும் அந்தக் குழுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் வாடகையில் பத்து சதவீதம் சேர்த்துத் தர வேண்டும் என்ற விதியையும் கடிதத்தில் குறிப்பிட்டேன். குழு கூடுவதற்கு முன்பே, நவம்பர் கடைசியில், பணம் வந்துவிட்டது: 900, அதோடு மூன்று மாதத் தாமதத்துக்கு 226 யூரோ 80 சென்ட். கணக்கில் அந்த 80 சென்ட்டைப் பார்த்தபோது கிடைத்த சந்தோஷம் சம்பளம் வரும் நாளில் கூடக் கிடைத்ததில்லை. புதிய முகவரியை எழுத்தில் கொடுத்திருந்தால்தான் இந்தப் பத்து சதவீதம் கிடைக்கும், மறந்துவிடாதீர்கள்.

இப்போது இருப்பது பாரிஸை ஒட்டிய பான்த்தேனில், நான்காவது மாடி, லிஃப்ட் உண்டு, சமதரை. ஜன்னலில் இருந்து எதிர்வீட்டுக் கொடித்துணிதான் தெரிகிறது. வீடு பார்க்கப் போனபோது பையிலிருந்து லேசர் அளவியை எடுத்ததும் ஏஜென்ட் பெண் முதலில் முறைத்தாள். அப்புறம் அவளே சுவரோரம் நின்று புள்ளி விழும் இடத்தைக் காட்டினாள். ஒப்பந்தத்தில் 31, அளந்தால் 31.2.